ஏழு மணிச் செய்தி

குடியை விட்டவர்களுக்கான அந்த வாட்ஸப் குழுவில், தினமும் மாலை ஏழு மணிக்கு ஜக்கையன்தான் முதலில் 'இன்று இல்லை' என்று எழுதுவார். அதைப் பார்த்த பிறகே எபநேசர் தன்னுடைய 'இன்று இல்லை'யை எழுதுவார். இரண்டு வருடம் இப்படியே ஓடிவிட்டது. முகம் பார்க்காத அந்த நண்பரை ஒருமுறையாவது பார்த்துவிட வேண்டும் என்று மூன்று பஸ் மாறி, ஒயின் ஆலைக்குத் திராட்சை அனுப்பும் அந்த ஊரில் இறங்கியபோது எபநேசருக்கு உடம்பு அடித்துப்போட்டதுபோல் இருந்தது. கொடிப்பந்தலருகே ஜக்கையன் லாரியில் பழப்பெட்டிகளை ஏற்றிக்கொண்டிருந்தார். "இம்புட்டுத் தூரம் என்னயப் பாக்கவா வந்தீக? வேற சோலியே இல்லையாண்ணே?" என்று சிரித்தார். கிராம்பு வாசம் அடித்தது. எபநேசருக்கு அந்தக் கிராம்பைத் தெரியும். அவரும் பதினேழு வருடம் குடித்த வாடையை மறைக்க அதை மென்றவர்தான்.

ஏழு மணிக்குச் சட்டைப்பையில் போன் அதிர்ந்தது. 'இன்று இல்லை' என்று ஜக்கையன் எழுதியிருந்தார். எதிரே நின்ற ஜக்கையனின் இரண்டு கைகளிலும் பழப்பெட்டி இருந்தது.

எபநேசர் மெல்ல, பந்தலுக்குப் பின்னாலிருந்த வீட்டுப் பக்கம் நடந்தார். வாசலில் ஜக்கையனின் மனைவி போனும் கையுமாக நின்றாள். எபநேசர் தன் பெயரைச் சொல்லி, போனில் வந்திருந்த செய்தியைக் காட்டினார்.

"மொத மாசம் அவருதாண்ணே போட்டாரு. பொறவு அவரால முடியல" என்றாள். "நானும் நிறுத்திரலாம்னுதான் பாத்தேன். ஜக்கையன் எழுதுறதாலதான் நான் குடிக்காம இருக்கேன்னு நீங்க எழுதியிருந்தீக."

எபநேசர் படியில் உட்கார்ந்தார். களைத்த விரலால் தன் வழக்கமான இரண்டு சொற்களைத் தட்டினார். அவள் கையிலிருந்த போன் ஒளிர்ந்தது. படித்துவிட்டு, முந்தானையால் திரையைத் துடைத்தாள்.