ஒரு சாண் பின்னால்

"இன்னும் ஒரு நூல் ஏத்துப்பா" என்றார் கோதண்டராமன்.

மண்ணாங்கட்டி ஸ்பேனரைக் கீழே வைத்துவிட்டு ஆகாயத்தைப் பார்த்தான். செங்கம் ரோட்டில் அவன் ஒர்க் ஷாப்புக்கு இந்த மனிதர் இதே வேலைக்காக வருவது ஆறு வாரத்தில் ஏழாவது முறை. ஏற்றியாயிற்று, இறக்கியாயிற்று, பக்கவாட்டில் திருப்பியாயிற்று. இதற்கு மேலும் ஹேண்டில்பாரை ஏற்றினால் சார் அதைப் பிடித்துத் தொங்கிக்கொண்டுதான் ஆபீஸ் போக வேண்டும்.

வலி என்றால் லேசுப்பட்ட வலி இல்லை.

அடி அண்ணாமலையில் வண்டியை உதைத்துக் கிளப்பும்போது இடுப்பில் சுண்டுவிரல் அளவில் தொடங்கும். ரமணாசிரமம் தாண்டும்போது ஆள் உயரத்துக்கு வளர்ந்துவிடும். வேங்கிக்கால் கலெக்டர் ஆபீஸ் வாசலில் வலி முதலில் இறங்கி, பிறகு அவருக்குக் கை கொடுத்து இறக்கிவிடும். அவர் நிமிரும் சத்தத்துக்கு வேப்பமரத்துக் காக்கைகள் மொத்தமாகப் பறந்துபோய், மதிய சாப்பாட்டு நேரத்துக்குத்தான் திரும்பி வரும்.

டாக்டர் சுருக்கமாகச் சொல்லிவிட்டார். இந்த மாதத்துக்குள் குறையாவிட்டால் வண்டியை விற்றுவிட்டு டவுன் பஸ்ஸில் போக வேண்டியதுதான்.

டவுன் பஸ்ஸைக் கண்டு அவர் பயப்படவில்லை. வண்டியை மட்டும் விட முடியாது. ஏன் என்று கேட்டால், துணை தாசில்தாராக இருக்கிற ஒரு மனிதர் வெளியே சொல்லிக்கொள்ளக்கூடிய காரணம் இல்லை அது.

"ஏறுங்க சார். ரோட்டுல எப்படிப் போவீங்களோ, அப்படியே உக்காருங்க."

காலைத் தூக்கிப் போட்டு ஏறினார். ஏறி, முன்னால் நகர்ந்தார். இன்னும் நகர்ந்தார். பெட்ரோல் டேங்க் வயிற்றில் முட்டியதும் நின்றார்.

மண்ணாங்கட்டி நாலடி பின்னால் போய் நின்று பார்த்தான். ஆறு வாரமாக அவன் ஹேண்டிலைத்தான் பார்த்திருந்தான், ஆளைப் பார்க்கவில்லை.

அவருக்குப் பின்னால் சீட்டு பொட்டல் காடாகக் கிடந்தது. பௌர்ணமிக்குக் கிரிவலம் வருகிற கூட்டத்தில் பாதியை அதில் உட்கார வைக்கலாம். சீட்டின் நடுவில் மட்டும், ரெக்சின் அமுங்கி, சதுரமாக நாலு பள்ளங்கள்.

"இன்னா சார், டேங்க் மேல ஏறி உக்காந்துக்கினு ஹேண்டிலைக் குத்தம் சொல்றீங்க? பின்னாடி போங்க."

"போனா எடம் பத்தாதுப்பா."

"யாருக்கு?"

கோதண்டராமன் கைக்குட்டையை எடுத்து ஸ்பீடோமீட்டரைத் துடைத்தார். அது நின்றுபோய் ஒன்பது வருஷமாகிறது.

மண்ணாங்கட்டி கிட்டே வந்தான். அவரை இடுப்போடு பிடித்து, அரிசி மூட்டையை நகர்த்துவதுபோல ஒரு சாண் பின்னால் இழுத்து உட்காரவைத்தான். நாலு போல்டையும் தளர்த்தி ஹேண்டிலை முன்னால் தள்ளினான்.

"கம்பெனி வெச்ச எடமே இதான் சார். எவனோ எப்பவோ பின்னாடி இழுத்துட்டிருக்கான்."

கைகள் தாமாகப் போய்ப் பிடியில் படிந்தன. முதுகு சத்தமே இல்லாமல் நிமிர்ந்தது. ஆறு வார வலி, உட்கார இடம் கிடைக்காமல் இறங்கிப் போய்விட்டது.

அப்போதுதான் அவருக்கு எவ்வளவு களைப்பு என்று தெரிந்தது. கண்ணை மூடிக்கொண்டார். ஸ்டாண்டு போட்ட வண்டியிலேயே செங்கம் வரைக்கும் போயிருப்பார்.

"கீங், கீங்" என்று காதருகில் ஹாரன்.

புத்தம் புது மொபெட். அதன்மேல் கிராம நர்ஸ் புடவையும், கண்ணுக்குக் கூலிங் கிளாஸுமாக அவர் மனைவி ரேணுகாம்பாள். கால் வைக்கிற இடத்தில், தடுப்பூசி மருந்து வைக்கும் ஐஸ் பெட்டி, மகாராணி மாதிரி உட்கார்ந்திருந்தது. அதற்கு அடியில் நாலு குட்டைக் கால்கள்.

பதினாலு வருஷமாக அந்தப் பெட்டி அவருக்கும் அவளுக்கும் நடுவில்தான் உட்கார்ந்து வந்தது. அவர் பெட்டியில் சாய்ந்துகொள்ள, பின்னாலிருந்து அவள் பெட்டியைப் பிடித்துக்கொள்ள. ஆறு வாரமாக அவர் முதுகுக்குப் பின்னால் வெறும் காற்று.

"இன்னாங்க, இன்னுமா முடியலை?" அவள் எஞ்சினை அணைக்கவில்லை. "இதுல பாருங்க, நாற்காலி கணக்கா உக்காந்துக்கினு போறேன். பதினாலு வருஷம் ஒருக்களிச்சு உக்காந்து என் இடுப்புதான் ஒடிஞ்சுது. இன்னிக்கு மூணு ஊருக்குப் போவணும், வரேன்."

போய்விட்டாள். கொஞ்ச நேரத்துக்கு அந்த ரோட்டில் புகை மட்டும் இருந்தது.

கோதண்டராமன் குனிந்து பார்த்தார். அவர் உட்கார்ந்திருந்த இடத்தில், முன்பக்கத்துப் பள்ளம் இரண்டும் அவர் தொடைக்கு அடியில் மறைந்துபோயிருந்தன.

மெதுவாக, ஒரு சாண் முன்னால் நகர்ந்தார். வலி ஓடி வந்து ஏறிக்கொண்டது.

"பழையபடி இழுத்து வெச்சுடுப்பா."

"இடுப்பு பூடும் சார்."

"ஐப்பசி வரைக்கும் தாங்கும். மழையில அவளுக்கு மொபெட்டு ஓட்ட பயம்."

மண்ணாங்கட்டி ஸ்பேனரை எடுத்தபடி மலையைப் பார்த்தான். பங்குனி மாதம். உச்சியில் கைக்குட்டை அகலத்துக்குக்கூட மேகம் இல்லை.