முப்பது நாள் நிபந்தனை

வாசகப் பெருமக்களே, முதன்முறையாகக் கதையெழுதத் துணிந்தமைக்குப் பொறுத்தருள வேண்டுகிறேன்.

யாருமில்லாத நேரத்தில் குழாய் வெடித்து நனைந்த வீட்டில், கணவனும் மனைவியும் காப்பீட்டு மதிப்பீட்டாளர் முன் நின்றனர்.

“குழாய் வெடிச்சா பணம் உண்டுதானே சார்?” என்றான் கணவன்.

“உண்டு. ஆனா முப்பது நாளுக்கு மேல யாரும் குடியிருக்காத வீட்டுக்குக் கிடையாது.”

“அந்தக் கவலையே இல்ல சார். ரெண்டு மாசமா நான் கோவிச்சுக்கிட்டு நண்பன் ரூம்ல இருந்தாலும், இவ இங்கதான் இருந்தா.”

மனைவியின் குரல் தாழ்ந்தது. “நான் மறுநாளே அக்கா வீட்டுக்குப் போயிட்டேங்க. நீங்க திரும்பி வந்திருப்பீங்கன்னு நினைச்சேன்.”

“ஒரு போன் பண்ணக் கூடாதா?”

“நீங்க பண்ணுவீங்கன்னு காத்திருந்தேன்.”

மதிப்பீட்டாளர் விண்ணப்பத்தில் ‘தகுதியில்லை’ என்று வருத்தத்துடன் எழுதினார்.

இழந்தவை: கட்டில் ஒன்று, மர அலமாரி இரண்டு, கூடத்தின் தரை, திருமண ஆல்பம், அறுபத்திரண்டு நாட்கள்.