கோணல் காலர்

மலர்விழி தைத்த சட்டைக் காலரைப் பார்த்ததும் பயிற்சியாளர் பல்லைக் கடித்தார்.

“இன்னாம்மா இது? பிரிச்சித் தைய்யி!”

அவள் பிரித்தாள். மறுபடி தைத்தபோது காலர் கோணிக்கொண்டு போனது.

சங்கராபுரம் தையல் பயிற்சி மையத்தைப் பார்வையிட வந்த அதிகாரி அதைத் தூக்கிப் பார்த்தார்.

“பரவாயில்லம்மா. காசும் காணியும் மட்டும் மூலதனம் இல்ல. மனுஷன் கத்துக்கற தொழிலும் மூலதனம்தான்.”

அவர் ஜீப் ஏறியதும், அன்றைக்குத்தான் சேர்ந்த கோகிலவாணி கேட்டாள்.

“மொதல்ல தச்சது நல்லாத்தானேக்கா இருந்துச்சி?”

“நல்லா தச்சா எனக்கு வேலை பூடும்.”

“உனக்கு வேலை கெடச்சிடுச்சா?”

“போன வருஷமே இங்க முடிச்சிட்டேன். எங்கயும் வேலை இல்ல. ஆள் கணக்குக்காகக் கத்துக்கறவ மாதிரி குந்திக்கினு இருக்க, சொல்லிக்குடுக்கற சாருதான் கூலி குடுக்கறாரு. நீ முடிச்சதும் உன்னையும் கூப்புடுவாரு.”