பாக்கியமேரி கொடுத்த ஓலை

"என்ன தம்பி, உங்க வீட்டுக் கல்யாண ஓலைய இன்னைக்குப் பூசையில வாசிச்சாங்க. ஒரு வார்த்தை சொல்லலியே!"

காளவாசல் டீக்கடையில் ஒருவர் இப்படிக் கேட்டதும் ஆசீர்வாதம் டீயைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்தான். ஓலை என்றால் தேவாலயத்தில் சாமியார் வாசிக்கும் கல்யாண அறிவிப்பு. அப்பா இறந்த பிறகு வீட்டில் எல்லாவற்றையும் தீர்மானிப்பவன் அவன்தான். தங்கை விக்டோரியாவுக்கு வந்த நல்ல வரன்களைக்கூட யாரையும் கேட்காமலே திருப்பி அனுப்பியவன்.

சைக்கிளை வாசலில் போட்டுவிட்டு உள்ளே பாய்ந்தான்.

"யாரக் கேட்டும்மா சாமியார்ட்ட ஓலை குடுத்தீங்க?"

மிஷன் பள்ளிக்கூடத்து டீச்சரான அவன் அம்மா பாக்கியமேரி வெங்காயம் உரிப்பதை நிறுத்தவில்லை. "யாரையும் கேக்கல."

"நீங்களா முடிவு பண்ணிருவீங்களா? மாப்பிள்ளை யாரு?"

"எங்க பள்ளிக்கூடத்து ஞானமுத்து சார்."

"பொண்டாட்டி செத்த அந்தக் கெழவனா? ஏ விக்டோரியா, நீ எப்பிடிச் சம்மதிச்ச?"

விக்டோரியாவுக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. "என்னைய யாரும் கேக்கலண்ணே."

"பாத்தீங்களா! பொண்ணுகிட்டக்கூடக் கேக்காம..."

"பொண்ணு சம்மதிச்சாச்சு" என்றாள் பாக்கியமேரி. "ஓலையில இருக்கது என் பேரு."

ஆசீர்வாதம் அம்மாவைப் பார்த்தான். தங்கையைப் பார்த்தான். யாரை அதட்டுவது என்றே அவனுக்குத் தெரியவில்லை.

"இதுக்கு... நான் சம்மதிக்கணும்ல?"

"தடை இருந்தா சொல்லுங்கன்னு வர்ற ஞாயித்துக்கெழமயும் சாமியார் கேப்பாரு. அம்புட்டுப் பேரு முன்னாடி எந்திரிச்சு, எங்கம்மா என்னையக் கேக்கலன்னு சொல்லு. அது தடையான்னு அவரு சொல்லட்டும்."