பதினோராம் கட்டிலில் கணினி

சத்தியமாகச் சொல்கிறேன், இதில் ஒரு சொல்கூட நான் கூட்டிச் சொல்லவில்லை. மனநல வார்டிலிருந்து என்னை வீட்டுக்கு அனுப்பலாமா என்று பார்க்க, அதே நாற்பது கேள்விகளைக் காகிதத்தில் ஒருமுறை, கணினியில் ஒருமுறை கேட்டார்கள். காகிதத்தின்படி நான் ஓயாமல் சிரிக்கிறவன். கணினியின்படி ஓயாமல் அழுகிறவன்.

“ரெண்டும் ஒத்துப்போகலையே பெரியவரே, எப்படி வீட்டுக்கு விடறது?” என்றார் டாக்டர் மங்கையர்க்கரசி.

“காகிதத்துல இருக்கறதுதாம்மா நான். காலையிலேர்ந்து வர்றவங்க சோகத்தையெல்லாம் கேட்டுக்கிட்டிருக்கு அந்தப் பெட்டி. அழுகை அதோடது.”

அவர் கணினியைத் தொட்டுப் பார்த்தார், அனலாய்க் கொதித்தது. உடனே அதை என் பதினோராம் கட்டிலில் படுக்கவைத்துப் போர்வை போர்த்திவிட்டு, என்னை வீட்டுக்கு அனுப்பிவைத்தார்.

நாற்பதில், இரண்டிலும் ஒத்துப்போன என் விடை ஒன்றே ஒன்றுதான். ‘நடக்காததை நடந்ததாகச் சொல்வீர்களா?’ ‘எப்போதும்.’