கோபுரத்துக்கு முதுகு காட்டியவள்

“பாருங்கய்யா இந்தக் கொடுமையை! மாதா அங்கியைக் காட்டப் போற நேரத்துல, கோபுரத்துக்கு முதுகைக் காட்டிக்கிட்டு ஒருத்தி கண்ணாடி பாக்கறா!”

யாரோ கத்தியதும் மெட்ஸா திரும்பிப் பார்த்தாள். கோயில் முற்றத்தின் பின்மதில் மேல் ஒரு தடித்த பெண் மண்டியிட்டிருந்தாள். இரண்டு கையையும் நீட்டி ஒரு கண்ணாடியை உயரப் பிடித்திருந்தாள். சந்தேகமே இல்லை, கண்ணாடி அவள் முகத்தைப் பார்த்துத்தான் இருந்தது.

“யாருங்க அது?”

“ஹில்லா. எங்க ஊரு ரொட்டிக்காரி,” என்றான் முன்னால் நின்ற கயிற்றுக்கார கோபெல். ஆள் ஏணி உயரம். “ஏழு வருசத்துக்கு ஒருதரம் மாதா உடுத்தின அந்தத் திருப்பண்டத்தை வெளியே எடுக்கறாங்க. ஏழு வருசத்துக்கு ஒருதரம் இவளும் இந்தக் கூத்து அடிக்கறா. அந்த மூஞ்சில அப்படி என்னதான் இருக்கோ!”

சுற்றி நின்றவர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். மெட்ஸாவுக்குச் சிரிப்பு வரவில்லை. வயிறு எரிந்தது.

எரியாதா பின்னே? ஒன்பது நாள் நடந்து ஆகன் நகரத்துக்கு வந்திருக்கிறாள். வீட்டில் ஆறு வயது யூட்டா, பனிக்காலத்திலிருந்து படுத்த படுக்கை. கோபுர மாடத்தில் அங்கியை விரிக்கும்போது அதன் அருளைக் கைக்கண்ணாடியில் பிடிக்க வேண்டும். பிடித்த கையோடு துணியால் மூட வேண்டும். வீட்டுக்குப் போய், பிள்ளை முகத்துக்கு நேரேதான் திறக்க வேண்டும்.

“நடுவுல திறந்தே, அவ்வளவு அருளும் கொட்டிப் போயிரும்,” என்று கண்ணாடியை விற்றவன் படித்துப் படித்துச் சொல்லியிருந்தான்.

இங்கேயோ கோபெலின் தொப்பியைத் தவிர ஒன்றும் தெரியவில்லை. மதில் மேல் ஏறினால் உண்டு. இல்லாவிட்டால் இன்னும் ஏழு வருஷம். அதுவரைக்கும் பிள்ளை தாங்குமா?

இடித்து, முட்டி, திட்டு வாங்கிக்கொண்டு மதிலடிக்கு வந்து சேர்ந்தாள்.

“அக்கா! கொஞ்சம் நகருங்க. எம்புள்ள சீக்காக் கெடக்கு.”

“முடியாதும்மா. கிட்ட வராதே, கை ஆடிரும்.”

“ஆடினா என்ன, அழகு குறைஞ்சிருமா?”

ஹில்லா திரும்பவே இல்லை.

அதற்குள் கொம்புகள் முழங்கின. “சேசு மரி சூசை!” என்று முற்றமே அலறியது. மாடத்தில் குருக்கள் அங்கியை விரித்துவிட்டார்கள்.

மெட்ஸா யோசிக்கவில்லை. ஹில்லாவின் பாவாடையைப் பிடித்துத் தொங்கி, அவள் விலாவில் முழங்கையால் ஒரு இடி இடித்து, மதில் மேல் ஏறிவிட்டாள். கண்ணாடியைத் தூக்கிப் பிடித்தாள். நகத்தளவுக்கு ஒரு வெள்ளை அதில் வந்து விழுந்தது.

சட்டென்று துணியைச் சுற்றி நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள். கண்ணீர் பொலபொலவென்று கொட்டியது. “யூட்டா, அம்மா பிடிச்சிட்டேண்டி!”

வந்த காரியம் முடிந்தது. இனிக் கோபத்துக்கு என்ன தடை? ஹில்லா பக்கம் திரும்பினாள்.

“நீயெல்லாம் ஒரு பொம்பளையா? பெத்தவ கெஞ்சறேன், உனக்கு மூஞ்சி பாக்கறது பெரிசாப் போச்சா? இந்த எடத்துல உக்காந்துக்கிட்டு...”

“ஹில்லா,” என்று மதிலுக்கு அந்தப் பக்கமிருந்து ஒரு குரல் வந்தது. “கண்ணாடி ஆடிப் போச்சும்மா. இப்ப ஒண்ணும் தெரியல.”

கூடவே மரக்கட்டைகள் தட்டும் சத்தம். அந்தச் சத்தம் யாருடையது என்று மெட்ஸாவுக்குத் தெரியும். அது கேட்டால் எல்லாரும் விலகிப் போவார்கள். எட்டிப் பார்த்தாள்.

கீழே சந்தில் இருபது பேர் இருக்கும். பெருநோய்க்காரர்கள். முற்றத்துக்குள் கால் வைக்க விடமாட்டார்கள். முகத்தில் துணி, கையில் கட்டை. எல்லாரும் கழுத்தை அண்ணாந்து ஹில்லாவின் கண்ணாடியையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

“இடிச்சிட்டே பாத்தியா? இனி மறுபடியும் கோபுரத்தைத் தேடிப் பிடிக்கணும்,” என்றாள் ஹில்லா. கண்ணாடியை மெல்ல மெல்லச் சாய்த்தாள். “எம்புருசன் அந்த மூலையிலதான் நின்னு பாப்பாரு. போன குளிருக்குப் போய்ச் சேந்துட்டாரு. அவரு போனா என்ன, மத்தவங்க இருக்காங்கல்ல?”

மெட்ஸாவுக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை.

“அக்கா... நீங்க அங்கியைப் பாக்கலையா?”

“எங்கேருந்து பாக்கறது? இவங்களையும் பாத்து, அதையும் பாக்க முடியுமா? மூணு தடவையா நான் முதுகாலதான் கும்பிடறேன்.”

வரிசைக் கடைசியில் ஒரு சின்னப் பெண் எம்பி எம்பிக் குதித்தது. ஆறு வயதுதான் இருக்கும்.

“எனக்கு வெறும் ஆகாசந்தான் தெரியுது!”

“இருடி ரிக்கா, இரு!” ஹில்லா இன்னும் எட்டிச் சாய்ந்தாள். கை எட்டவில்லை. கண்ணாடியைத் திருப்பினால் மற்றவர்களுக்குத் தெரியாமல் போய்விடும்.

மாடத்தில் குருக்கள் அங்கியின் ஒரு முனையை மடிக்கத் தொடங்கிவிட்டார்கள்.

மெட்ஸா நெஞ்சோடு இருந்த பொட்டலத்தைப் பார்த்தாள். ஒன்பது நாள் நடை. யூட்டாவின் முகம். கீழே அந்தச் சின்னப் பெண் இன்னும் குதித்துக்கொண்டிருந்தது.

“ஐயோ, ரொட்டிக்காரியோட இன்னொருத்தியும் சேந்துட்டாடா!” என்று முற்றத்தில் கோபெல் கத்தினான்.

கோபுரத்துக்கு முதுகைக் காட்டி மண்டியிட்ட மெட்ஸா, கண்ணாடியின் துணியை அவிழ்த்தாள்.

“எந்தப் பக்கம் சாய்க்கணும், அக்கா?”