மேல் ஆறு வரிசை

இடுப்பு விட்டுப்போயிருந்தது. வரப்பில் கையூன்றித்தான் எழுந்தேன்.

மழை நின்று ஆறாம் நாள், உச்சி வெயில். வேரழுகல் முகத்தைக் காட்டுகிற நேரம் அதுதான். காலையில் விறைப்பாக நின்ற குடமிளகாய்ச் செடி மத்தியானம் ஈரத்துணி மாதிரித் தொங்கும். அப்புறம் பிடுங்கிப் போட வேண்டியதுதான்.

போன இரண்டு வருஷமும் முழுத் தோட்டமும் அப்படித்தான் போனது. இந்த வருஷமும் போனால் என் பெண்டாட்டி ரூமெனா ஆஸ்திரியாவுக்குப் போவாள், யாரோ ஒரு கிழவருக்கு மூத்திரத்துணி மாற்ற. பெட்டி கட்டியாகிவிட்டது. கட்டிலுக்கடியில் இருக்கிறது.

ஆளுக்கொரு பக்கமாக வரிசை வரிசையாக நடந்து நடுவில் சந்தித்தோம்.

"ஒண்ணுகூடத் தொங்கலய்யா" என்றாள்.

என் பக்கத்திலும் இல்லை.

அவள் நம்பவில்லை. ஒரு செடியைப் பிடுங்கியே விட்டாள். வேர் வெள்ளைவெளேரென்று இருந்தது. முகர்ந்தாள். என் மூக்கிலும் தேய்த்தாள். வெறும் மண் வாசனை.

தலைத்துணியை அவிழ்த்து வானத்தில் எறிந்தாள். "அந்தக் கிழவன் தன் துணிய தானே மாத்திக்கட்டும்!"

சத்தம் கேட்டு மேல்தோட்டத்து வுகாஷின் வாய்க்காலைத் தாண்டி வந்தான். அவன் தோட்டம் வழியாகத்தான் எங்களுக்குத் தண்ணீர். வேரழுகலைத் தின்கிற நல்ல பூஞ்சை என்று நாங்கள் டிரைக்கோடெர்மா தூள் வாங்கியபோது அவனையும் போடச் சொன்னோம். "ரொட்டியில பூசணம் பிடிச்சா தூக்கி எறியுறோம். இவன் காசு குடுத்து வாங்குறான்" என்று கடையில் எல்லார் முன்னாலும் சிரித்தான்.

"மேல ஆறு வரிசை படுத்துடுச்சு தோமா" என்றான். "மிச்சம் இருபதும் கல்லு மாதிரி நிக்குது. ஒரு பூசணமும் போடலயே! கைராசின்னா இதாண்டா."

"ராசிதான்" என்று ரூமெனா முகத்தைத் திருப்பிக்கொண்டாள். தோள் குலுங்கியது.

மே மாதம் மச்சினன் கல்யாணத்துக்கு அவன் குடும்பத்தோடு மூன்று நாள் போயிருந்தான். அவன் செடி அழுகினால் அது தண்ணீரோடு வந்து எங்கள் வேரையும் கெடுக்கும். அந்த மூன்று நாளும் நாங்கள் இரண்டு பேரும் அவன் தோட்டத்தில் குனிந்து கிடந்தோம். செடிக்கு ஒரு பிடி தூள் கலந்த எரு வைத்து மண்ணை மூடினோம். கீழேயிருந்து இருபது வரிசை முடித்தபோது அவர்கள் திரும்பி வருகிற கல்யாண ஊதுகொம்புச் சத்தம் ரோட்டில் கேட்டது. விழுந்தடித்து ஓடினோம்.

அந்த ஆறு வரிசைக்கு நான் பொறுப்பில்லை.

தூளைக் கலக்க அவன் எருக்குழியிலிருந்தே இரண்டு தள்ளுவண்டி எரு எடுத்தோம். அதை வுகாஷினுக்கு நான் இன்னும் திருப்பிக் கொடுக்கவில்லை.